ஒரு சதுரம் எத்தனை அடி? சாகச விளையாட்டுப் படங்களின் அளவுத்திட்டம்

வவுனியாவிலிருந்து மாங்குளத்துக்கு ஏ9 வீதியில் 40 கிலோமீற்றர் சொச்சம். நில அளவைத் திணைக்களத்தின் 1:50,000 இடவிளக்கப்படத்தில் அந்தத் தூரம் 80 சென்ரிமீற்றர். ஒரு மேசைக்குள் அடங்கும். மேசைச் சாகச விளையாட்டுகளில் ஊர்விட்டு ஊர் போவதற்குப் பாவிக்கும் அறுகோணப் படத்தில் அது நாலே கட்டம், உள்ளங்கையால் மறைத்துவிடலாம். அதே விளையாட்டில் வாள்சண்டைக்குப் பாவிக்கும் சதுரப் படத்தின் அளவில் அதை வரையப் போனால் 660 மீற்றருக்கும் நீளமான தாள் வேண்டும். மூன்று படமும் ஒரே வீதியைத்தான் காட்டுகின்றன, மூன்றிலும் பிழையில்லை. எந்தப் படத்தை எப்போது விரிப்பது என்று தெரியாமல்தான் புதிதாகத் தொடங்குகிறவர்களின் மேசையில் குழப்பம் வருகிறது.

விளையாட்டே புதிது என்பவர்களுக்கு இரண்டு வரி. 1974இல் அமெரிக்காவில் வெளியான டஞ்சன்ஸ் அன்ட் ட்ராகன்ஸ் இந்த வகைக்கு முன்னோடி. ஒருவர் கதையை நடத்துவார். அவரை நடத்துநர் என்று வைத்துக்கொள்வோம். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரத்தை எடுத்துக்கொண்டு, "நான் கதவைத் திறக்கிறேன்", "நாங்கள் காட்டுக்குள்ளால் போகிறோம்" என்று சொல்லுவார்கள். சந்தேகமான காரியங்களைத் தாயக்கட்டை தீர்க்கும். கோட்டை, நிலவறை, காடு, மலை எல்லாம் நடத்துநரிடம் படமாக இருக்கும். அந்தப் படத்தின் மூலையில் "1 சதுரம் = 5 அடி" என்றோ "1 அறுகோணம் = 6 மைல்" என்றோ ஒரு வரி எழுதியிருக்கும். இந்தக் கட்டுரை முழுக்க அந்த ஒரு வரியைப் பற்றியது.

புவியியல் பாடத்தில் அளவுத்திட்டம் என்றால் தாளையும் நிலத்தையும் இணைப்பது. 2 சென்ரிமீற்றருக்கு 1 கிலோமீற்றர், அவ்வளவுதான். இந்த விளையாட்டில் அதனோடு மூன்றாவதாக ஒன்று சேருகிறது: நேரம். ஒரு சதுரத்தைக் கடக்க எவ்வளவு நேரம் என்ற கேள்விக்குப் பதில் இல்லாத படம், எவ்வளவு அழகாக வரைந்திருந்தாலும், விளையாட உதவாது. சண்டையில் நேரம் வினாடிக் கணக்கில் ஓடுகிறது, நிலவறையில் நிமிடக் கணக்கில், பயணத்தில் மணிக் கணக்கில். ஆகவே படமும் மூன்று அளவில் இருக்கிறது.

முதலில் கணக்கை நேராக்கிவிடுவோம். ஒரு அங்குலம் 5 அடி என்றால், 5 அடியில் 60 அங்குலம் இருக்கிறது; ஆகவே அது 1:60. ஒரு அங்குலம் 10 அடி என்றால் 1:120. ஒரு மைலில் 63,360 அங்குலம். இலங்கையின் பழைய ஓர் அங்குல இடவிளக்கப்படங்கள் 1:63,360 என்ற விசித்திரமான எண்ணோடு வந்ததற்குக் காரணம் அதுதான். பிறகு மெற்றிக் முறைக்கு மாறியபோது அது 1:50,000 ஆனது. ஒரு சென்ரிமீற்றர் அகலமுள்ள அறுகோணம் 6 மைலைக் குறித்தால் அது ஏறத்தாழ 1:966,000. ஒரு சென்ரிமீற்றருக்கு 10 கிலோமீற்றர் என்று மனதில் வைத்துக்கொண்டால் போதும்.

இங்கே ஒரு சொல் தடுமாற வைக்கும். பெரிய அளவுத்திட்டம் என்றால் சிறிய இடத்தைப் பெரிதாகக் காட்டுவது. 1:60 பெரியது, 1:966,000 சிறியது. கண்டம் முழுவதையும் காட்டும் படத்தைப் "பெரிய அளவுப் படம்" என்று பலரும் சொல்லுவது தலைகீழ். ஆங்கிலத்தில் வரும் விதிப் புத்தகங்களிலும் இந்தச் சொல் இரண்டு விதமாகவும் புழங்குகிறது. ஆகவே சொல்லை நம்பாமல் எண்ணைப் பாருங்கள்.

அடி, மைல் என்பவை இப்போதைய பிள்ளைகளுக்குக் கொஞ்சம் அந்நியமாக இருக்கலாம். ஆனால் வன்னியில் அவை இன்னும் செத்துப்போகவில்லை. கிணற்றின் ஆழம் அடியில்தான் பேசப்படுகிறது. மைலுக்குப் பழைய ஆட்கள் கட்டை என்பார்கள். கிளிநொச்சியில் 155ஆம் கட்டை என்று ஓர் இடமே இருக்கிறது. ஒரு கட்டை 1.6 கிலோமீற்றர், 6 கட்டை 9.7 கிலோமீற்றர். மீற்றரில் விளையாட விரும்புகிறவர்கள் 5 அடிக்கு 1.5 மீற்றர் என்று வைத்துக்கொள்ளலாம். ஐரோப்பிய மொழிபெயர்ப்புகள் சிலவும் அப்படித்தான் செய்கின்றன. எதை எடுத்தாலும் முதல் நாளே ஒன்றைத் தெரிந்தெடுத்து அதிலேயே நில்லுங்கள். படம் மைலில், நடத்துநர் சொல்லுவது கிலோமீற்றரில் என்றால் பயணம் ஒன்றரை மடங்குக்கும் மேல் பிசகும்.

சண்டைப் படம்: 5 அடிச் சதுரம்

2000ஆம் ஆண்டில் வந்த மூன்றாம் பதிப்பு முதல் இந்த விளையாட்டின் சண்டை 5 அடிச் சதுரத்தில் நிலைத்துவிட்டது. மேசையில் ஒரு சதுரம் ஓர் அங்குலம். மனிதன் 5 அடி அகலமா என்று புதியவர்கள் கேட்பார்கள். இல்லை. வாளோடு நிற்கிற ஒருவர் கையை வீசவும், விலகவும், பக்கத்தில் வருகிறவரைத் தடுக்கவும் தேவையான இடம் அது. கிடுகு வேலிக்கும் வீட்டுச் சுவருக்கும் இடையில் 5 அடி ஒழுங்கை இருந்தால் அதில் இரண்டு பேர் ஒருவரையொருவர் உரசிக்கொண்டு நடக்கலாம், ஆனால் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் நின்று வாள் சுழற்ற முடியாது. இதே காரணத்தால் பெரிய உயிர்களுக்குச் சதுரம் கூடுகிறது: குதிரைக்கு 2×2, அதாவது 10 அடிக்கு 10 அடி. யானைக்கு 3×3. எந்த யானையும் 15 அடி அகலம் இல்லை. ஆனால் குளக்கட்டில் ஒரு யானை நின்றால் அதைச் சுற்றி எவ்வளவு தூரத்துக்கு எவரும் போகமாட்டார்கள் என்று யோசித்தால், 15 அடி நியாயமான கணக்குத்தான்.

நேரத்துக்கு வருவோம். ஐந்தாம் பதிப்பில் ஒரு சுற்று 6 வினாடி. சாதாரண மனிதப் பாத்திரம் ஒரு சுற்றில் 30 அடி நகரும்; ஆகவே 6 சதுரம். சேறு, முட்பற்றை, இடிந்த கல் என்று கால் வைக்கக் கடினமான இடத்தில் ஒவ்வொரு அடியும் இரண்டு அடியாக எண்ணப்படும், ஆகவே 3 சதுரம். மாரியில் வயல் வரம்பை விட்டு இறங்கி நடந்தவர்களுக்கு இந்த விதியை விளக்கத் தேவையில்லை.

மூலைவிட்டமாக நகரும்போது கணக்கு கொஞ்சம் பொய் சொல்லும். 6 சதுரத்தை மூலைக்கு மூலை தாண்டினால் பொது விதிப்படி 30 அடிதான். உண்மையில் அது 42 அடிக்கு மேல். அதாவது மூலைவிட்டமாக ஓடுகிறவர் 40 வீதத்துக்கும் அதிகமாக வேகம் பெறுகிறார். இது பிடிக்காத மேசைகளுக்கு ஒரு மாற்று விதி உண்டு: முதலாவது மூலைவிட்டம் 5 அடி, அடுத்தது 10, அதற்கடுத்தது 5 என்று மாறி மாறி எண்ணுவது. அப்படி எண்ணினால் 6 மூலைவிட்டம் 45 அடி. உண்மைக்கு மிகக் கிட்ட. ஆனால் ஒவ்வொரு முறையும் எண்ணிக்கொண்டிருப்பதால் சண்டை இழுபடும். தொடங்குகிற குழுவுக்கு முதல் விதியே போதும். ஆறு மாதம் விளையாடிய பிறகும் அது உறுத்தினால் மாற்றிக்கொள்ளலாம்.

ஓர் அங்குலச் சதுரத்துக்கு விலைகூடிய பாய் எதுவும் வேண்டாம். பிறிஸ்டல் போட் ஒன்றின் இரண்டு எதிர்ப் பக்கங்களிலும் அடிமட்டத்தால் அங்குலத்துக்கு அங்குலம் புள்ளி வைத்து இணைத்தால் முடிந்தது. புள்ளிகளை எப்போதும் ஒரே முனையிலிருந்து, அடிமட்டத்தைத் தூக்காமல் வையுங்கள். ஒவ்வொரு அங்குலத்துக்கும் அடிமட்டத்தை நகர்த்தி வைத்தால் ஒவ்வொன்றிலும் அரை மில்லிமீற்றர் பிசகி, இருபதாவது கோட்டில் 1 சென்ரிமீற்றர் தள்ளிப்போய்விடும். காய்க்கு ஐந்து ரூபாக் குத்தி நல்லது. ஓர் அங்குலச் சதுரத்துக்குள் அடங்கும், மேலே பேர் எழுதிய தாளை ஒட்டலாம். சோடா மூடி கைக்குச் சுலபமாகக் கிடைத்தாலும் அது 3 சென்ரிமீற்றருக்கு மேல். இரண்டு பேர் பக்கத்துச் சதுரங்களில் நின்றால் மூடிகள் முட்டும். யார் எந்தச் சதுரத்தில் என்ற வழக்கு அங்கிருந்துதான் தொடங்கும்.

இந்த அளவின் எல்லையையும் தெரிந்திருக்க வேண்டும். நெடுவில்லின் சாதாரண எட்டம் 150 அடி: 30 சதுரம், 30 அங்குலம், மேசையின் ஒரு கரையிலிருந்து மறுகரை. அதிகபட்ச எட்டம் 600 அடி. 120 அங்குலம், 3 மீற்றர். அறைக்குள் அடங்காது. வெட்டவெளியில் வில்லாளிகள் வரும் சண்டையை 5 அடிச் சதுரத்தில் வைத்தால், தாளின் விளிம்பே நிலத்தின் விளிம்பாகி, எதிரிகள் எல்லாம் திடீரென்று 100 அடிக்குள் முளைப்பார்கள். அந்த ஒரு சண்டைக்கு மட்டும் 1 சதுரம் = 20 அடி என்று அறிவித்துவிடுங்கள். 600 அடி 30 சதுரமாகச் சுருங்கும். ஒருவர் சுற்றுக்கு ஒன்றரைச் சதுரம் நகருவார். கைகலப்பு நெருங்கியதும் 5 அடிக்குத் திரும்பலாம்.

நிலவறைப் படம்: 10 அடிச் சதுரம்

பழைய சாகசப் புத்தகங்களைப் புரட்டினால் பெரும்பாலான நிலவறைப் படங்கள் 10 அடிச் சதுரத்தில் இருக்கும். அவை சண்டைக்காக வரையப்பட்டவை அல்ல. இருட்டில், எங்கே பொறி இருக்கிறது என்று தெரியாமல், சுவரைத் தட்டிப் பார்த்தபடி, ஒருவர் கொப்பியில் படம் கீறிக்கொண்டே வர, குழு ஊர்ந்து முன்னேறுவதற்காக வரையப்பட்டவை. 1981இன் அடிப்படை விதிகளில் நிலவறைக்குள் நேரம் 10 நிமிடத் துண்டுகளாக ஓடுகிறது. பாரமில்லாத ஒருவர் 10 நிமிடத்தில் 120 அடி போகலாம்: 12 சதுரம்.

பத்து நிமிடத்தில் 120 அடியா, ஆமைகூட இதைவிட விரைவாகப் போகுமே என்று தோன்றும். முறிகண்டிக் கோயிலில் இறங்கிக் கற்பூரம் கொளுத்திவிட்டு பஸ்ஸுக்கு ஓடுகிற வேகத்தை நினைத்தால் அப்படித்தான் தோன்றும். ஆனால் அறியாத காட்டுக்குள், ஒரு தீப்பந்தத்தின் வெளிச்சத்தில், ஒவ்வொரு அடியையும் பார்த்து வைக்கிறவர் எவ்வளவு போவார்? அந்த மந்தம் விதியின் அழகு. ஒரு தீப்பந்தம் ஒரு மணிநேரம், அதாவது ஆறு துண்டு எரியும். ஐந்து துண்டு நடந்தால் ஒரு துண்டு ஓய்வெடுக்க வேண்டும். ஆகவே ஒரு பந்தம் என்பது 60 சதுரம். திரும்பி வரவும் வெளிச்சம் வேண்டுமென்றால் 30 சதுரம் உள்ளே, 30 சதுரம் வெளியே. இப்போது படத்தில் பென்சிலால் 30 சதுரம் எண்ணிப் பாருங்கள்: ஒரே ஒரு பந்தத்தோடு இறங்கிய குழு எந்த அறையில் நின்று "இனித் திரும்புவோமா?" என்று கேட்கும் என்று விளையாட்டுக்கு முதல்நாளே உங்களுக்குத் தெரிந்துவிடும். அந்த அறைக்கு அப்பால் எதை வைப்பது என்பதும் தெரிந்துவிடும். சதுரத்தை வெளிச்சமாக மாற்றிப் பார்க்கத் தெரிந்த நடத்துநருக்கு அச்சத்தை உண்டாக்க வேறு வித்தை தேவையில்லை.

இந்தப் பழைய படங்களை ஐந்தாம் பதிப்பில் விளையாடும்போதுதான் மிகப் பொதுவான பிழை நடக்கிறது. படத்தில் 3×3 சதுரமாக இருக்கிற அறையை அப்படியே மேசையில் 3×3 சதுரமாகக் கீறிவிடுவார்கள். அந்த அறை 30 அடிக்கு 30 அடி. 5 அடிச் சதுரத்தில் அது 6×6. நீளம் பாதியானால் பரப்பு காற்பங்காகும்: 36 சதுரம் இருக்கவேண்டிய இடத்தில் 9 சதுரம். நாலு வீரர்களும் ஆறு எதிரிகளும் அதற்குள் நிற்கவே முடியாது. மந்திரவாதி 20 அடி ஆரத்தில் நெருப்புக் கோளம் வீசினால் தன் ஆட்களையும் சேர்த்துக் கொளுத்தாமல் தப்பமுடியாது. 10 அடி அகலத்தில் இரண்டு பேர் சேர்ந்து நின்று சண்டையிடும் நடைபாதை ஒருவர் பின் ஒருவராகப் போகும் சந்தாகிவிடும். சாகசத்தை எழுதியவர் நினைத்த சண்டையே அங்கு நடக்காது. ஆகவே, பழைய படம் கையில் கிடைத்தால் சதுரத்தை எண்ணுவதற்கு முன் அளவு வரியைத் தேடுங்கள். 10 என்றிருந்தால் நீளத்தையும் அகலத்தையும் இரட்டியுங்கள்.

இன்னும் பழைய புத்தகங்களில் வேகமும் எட்டமும் அங்குலத்திலேயே எழுதியிருக்கும். "12 அங்குலம்" என்றால் நிலவறைக்குள் 120 அடி. வெளியே 120 யார், அதாவது 360 அடி. மேசைப் போர் விளையாட்டிலிருந்து வந்த பழக்கம் அது.

ஊர்ப் படம்

கிராமத்துக்கு எவரும் ஒத்துக்கொண்ட அளவு இல்லை. 1 சதுரம் = 100 அடி என்று வைப்பது வன்னிக்காரருக்கு வசதி. 100 அடிச் சதுரம் 10,000 சதுர அடி. கால் ஏக்கர் 10,890. ஆகவே ஒரு சதுரம் என்றால் கிட்டத்தட்ட ஒரு கால் ஏக்கர் வளவு, நாலு பரப்பு. வீடு, கிணறு, மாட்டுக் கொட்டில், நாலு தென்னை எல்லாம் அதற்குள். குடியேற்றத் திட்டத்து ஊரின் அமைப்பை மனதில் வைத்து, வீதிக்கு இரு பக்கமும் வளவுகள், பின்னால் வாய்க்கால், அதற்கப்பால் வயல், தலைப்பில் குளம் என்று கீறினால் பத்து நிமிடத்தில் நம்பத்தக்க ஊர் வந்துவிடும். சாதாரண நடை நிமிடத்துக்கு 300 அடி. ஆகவே நிமிடத்துக்கு 3 சதுரம். குளக்கட்டில் தீ தெரிகிறது, அது 15 சதுரத்துக்கு அப்பால் என்றால், போய்ச்சேர 5 நிமிடம். ஓடினால் அதைவிடக் குறைவு. இந்த அளவில் வேறொன்றும் சிக்கலில்லை.

பயணப் படம்: அறுகோணம்

திறந்த நிலத்துக்கு அறுகோணக் கட்டம் பாவிப்பதற்கு நல்ல காரணம் இருக்கிறது. சதுரத்தில் எட்டுத் திசையில் நாலு நேராகவும் நாலு மூலைவிட்டமாகவும் இருப்பதால் தூரம் பிசகுகிறது. அறுகோணத்தில் ஆறு அயலும் மையத்திலிருந்து ஒரே தூரம். பிழை அங்கும் இல்லாமலில்லை: இரண்டு கட்டங்களுக்கு நடுவால், மூலையை நோக்கிப் போகிற திசையில், எண்ணுகிற தூரம் உண்மையைவிட 15 வீதம் வரை கூடும். சதுரத்தின் 41 வீதத்தோடு பார்த்தால் பரவாயில்லை.

ஐந்தாம் பதிப்பின் 2014ஆம் ஆண்டு நடத்துநர் புத்தகம் மூன்று அளவுகளைப் பரிந்துரைக்கிறது: மாகாணத்துக்கு 1 மைல், ராஜ்ஜியத்துக்கு 6 மைல், கண்டத்துக்கு 60 மைல். 6 மைல் என்பது ஒரு பக்கத்திலிருந்து எதிர்ப் பக்கத்துக்கு. மூலைக்கு மூலை அளந்தால் 7 மைலுக்குச் சற்றுக் குறைவு. இந்த எண்களை வெறும் எண்ணாக விட்டால் ஒன்றும் விளங்காது. வன்னியில் வைத்துப் பாருங்கள்.

6 மைல் அறுகோணத்தின் பரப்பு ஏறத்தாழ 81 சதுர கிலோமீற்றர். முல்லைத்தீவு மாவட்டம் 2,617 சதுர கிலோமீற்றர். அதாவது முழு மாவட்டமும் 32 கட்டம். 60 மைல் அறுகோணத்தின் பரப்பு 8,000 சதுர கிலோமீற்றருக்குக் கொஞ்சம் மேல். கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார், வவுனியா நாலு மாவட்டத்தையும் கூட்டினால் 7,859. வன்னி முழுவதும் கண்டப் படத்தில் ஒரே ஒரு கட்டம்! வரைகிறவர் அதில் மூன்று மரம் கீறி "காடு" என்று எழுதிவிட்டுப் போவார். இரணைமடு, வவுனிக்குளம், முத்தையன்கட்டு, கனகராயன் ஆறு, பாலி ஆறு, வற்றாப்பளை அம்மன் கோயில், நந்திக்கடல், வயல், சந்தை, அத்தனை சனமும் அந்த மூன்று மரத்துக்குக் கீழே. அவர் பொய் சொல்லவில்லை. அந்த அளவில் அதற்குமேல் எழுத இடமில்லை. ஆனால் விளையாடுகிறவர்கள் அந்தக் கட்டத்துக்குள் காலடி வைக்கிற நாளில், வெறும் காடு என்று நினைத்து ஒரே வாக்கியத்தில் கடந்துவிட்டால் பெரிய இழப்பு. எந்தக் கட்டத்துக்குள் கதை நுழைகிறதோ அந்தக் கட்டத்தை அடுத்த அளவில் பிரித்து வரையவேண்டும். 60 மைல் கட்டம் 6 மைல் கட்டமாகும்போது குறுக்கே 10, பரப்பில் 100. 6 மைல், 1 மைலாகும்போது குறுக்கே 6, பரப்பில் 36. எல்லாவற்றையும் பிரிக்க ஆயுள் போதாது. குழு இன்றைக்குப் போகக்கூடிய கட்டங்கள் மட்டும் போதும்.

6 மைல் கட்டம் இந்த விளையாட்டுக்காரரிடையே இவ்வளவு நிலைத்ததற்கு ஒரு வசதி காரணம். சமதரையில் நிற்கிற மனிதனின் கண்ணுக்கு அடிவானம் ஏறத்தாழ 3 மைல். கட்டத்தின் நடுவில் நின்றால் விளிம்புவரை தெரியும். அடுத்த கட்டத்தில் இருப்பது தெரியாது. கடற்கரையிலும் குளக்கட்டிலும் இதை அப்படியே பாவிக்கலாம். பாலையும் வீரையும் முதிரையும் நெருங்கி நிற்கிற காட்டில் 3 மைல் என்பது கனவு. அங்கே சில பத்து அடிக்கு மேல் எதையும் காட்டாதீர்கள். உயரமான மரத்தில் ஏறினால் என்ன தெரியும் என்று கேட்கிறவர் மேசையில் எப்போதும் ஒருவர் இருப்பார். அவருக்குப் பதிலைத் தயாராக வைத்திருங்கள்.

வேகம்: சாதாரண நடை மணிக்கு 3 மைல், நாளுக்கு 8 மணிநேரம், ஆகவே 24 மைல். 6 மைல் கட்டத்தில் நாளுக்கு நாலு கட்டம். 24 மைல் 38.6 கிலோமீற்றர், வவுனியாவில் விடியப் புறப்பட்டால் மாங்குளத்தை எட்டிப்பிடிக்கப் பொழுதுபடும். மறுநாள் கிளிநொச்சி. பரந்தனிலிருந்து முல்லைத்தீவு 52 கிலோமீற்றர். ஒரு நாளில் புதுக்குடியிருப்பைத் தாண்டலாம், கடலைக் காண மறுநாளாகும். விரைந்து நடந்தால் நாளுக்கு 30 மைல், ஆனால் பதுங்கியிருப்பவரைக் கவனிக்கத் தவறுவார்கள். பதுங்கி மெதுவாகப் போனால் 18. அடர்காடு, சதுப்பு என்றால் பாதி. மாரி மழையில் மண் பாதையும் பாதியே என்று வைப்பது இந்த மண்ணை அறிந்தவருக்கு நியாயமாகப் படும். ஆறு பெருகினால் வேகக் கணக்கே இல்லை, தண்ணீர் வடியும்வரை காத்திருக்க வேண்டும்.

ஒரு பயணத்தை முழுதாகக் கணக்கிட்டுப் பார்ப்போம். ஊரிலிருந்து பாழ்கோட்டைக்கு 3 கட்டம். முதலாவது வண்டிப் பாதை, மற்ற இரண்டும் அடர்காடு. முதல் 6 மைலுக்கு 2 மணிநேரம். காட்டில் வேகம் மணிக்கு ஒன்றரை மைல். 12 மைலுக்கு 8 மணிநேரம். மொத்தம் 10. ஆனால் நாளுக்கு 8 மணிநேரம்தான். ஆகவே குழு கோட்டைக்கு 3 மைல் முன்பாக, காட்டுக்குள், இருட்டில் தங்கவேண்டும். அறுகோணத்தை மட்டும் எண்ணி "மூன்று கட்டம், ஒரு நாளைக்குள் போகலாம்" என்று சொல்லியிருந்தால் அந்த இரவே கதையில் இருந்திருக்காது. இப்போது 1 மைல் படத்தை விரியுங்கள்: மூன்று கட்டம் மீதி, அதில் ஒன்றில் தூர்ந்த குளம், ஒன்றில் யானைத் தடம். விடிந்ததும் 2 மணிநேர நடை. கோட்டை 200 அடிக்கு 150 அடி. 10 அடிச் சதுரத்தில் 20×15, சதுரக் கோட்டுக் கொப்பியில் ஒரு பக்கத்தில் அடங்கும். முழுவதையும் சண்டைப் படமாகக் கீறினால் 40 அங்குலத்துக்கு 30 அங்குலம், வீண் வேலை. சண்டை நடக்கப்போகிற முற்றம் 60 அடிக்கு 40 அடி, அதை மட்டும் 12×8 சதுரமாக வைத்துக்கொள்ளுங்கள். அளவு மாறும் ஒவ்வொரு தடவையும் "இனி ஒரு சதுரம் 5 அடி" என்று வாய்திறந்து சொல்லவேண்டும். நடத்துநர் மனதுக்குள் மாற்றிவிட்டு மற்றவர்கள் பழைய அளவிலேயே எண்ணிக்கொண்டிருப்பதால் வருகிற சச்சரவுதான் அதிகம்.

பயணப் படத்தில் அடிமட்டம் வைத்து அளக்கக்கூடாதவை இரண்டு. ஒன்று, குறியீடுகள். 1 சென்ரிமீற்றர் கட்டத்தில் 3 மில்லிமீற்றர் அகலமாகக் கீறிய கோயில் கோபுரம், அளவுப்படி பார்த்தால் ஏறத்தாழ 3 கிலோமீற்றர் அகலம். 1 மில்லிமீற்றர் தடித்த வீதி 1 கிலோமீற்றர் அகலம். கோயில் இருக்கிறது, வீதி போகிறது என்பதை மட்டும் அவை சொல்லுகின்றன. மற்றது, நேர்கோட்டுத் தூரம். குளத்துக்கு இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை ஒரு கட்டமாக இருக்கலாம். கட்டைச் சுற்றிப் போனால் இரண்டு. பாதையின் நெளிவுக்கு ஒரு நூலை வைத்து அளந்து, பிறகு நூலை அடிமட்டத்தில் நீட்டுகிற பள்ளிக்கூட வழி இங்கேயும் செல்லும்.

அச்செடுக்கும்போது

கணினியிலிருந்து படத்தை அச்செடுத்தால் "தாளுக்குப் பொருத்து" என்ற தெரிவு தானாகவே போடப்பட்டிருக்கலாம். அது படத்தை 90 வீதத்துக்கோ 95 வீதத்துக்கோ சுருக்கிவிடும். ஓர் அங்குலம் ஓர் அங்குலமாக இருக்காது, குத்தி கோட்டுக்கு மேல் ஏறும். 100 வீதம் என்று மாற்றுங்கள். ஏ4 தாள் 8.27 அங்குலத்துக்கு 11.69 அங்குலம். அச்சு இயந்திரம் விளிம்பில் விடும் இடத்தைக் கழித்தால் நம்பி வைக்கக்கூடியது 7×10 சதுரம். 30×20 சதுரமுள்ள படத்துக்கு 9 தாள். போட்டோக்கொப்பிக் கடையில் ஏ4ஐ ஏ3 ஆக்கினால் 141 வீதம் பெருக்கும்; ஓர் அங்குலச் சதுரம் 1.4 அங்குலமாகும், "1 அங்குலம் = 5 அடி" என்ற வரி மட்டும் மாறாமல் பொய்யாக நிற்கும்.

ஆகவே நீங்களே படம் வரையும்போது எழுத்தில் மட்டும் அளவைப் போடாமல், மூலையில் ஒரு கோடும் கீறி 0, 10, 20, 30 அடி என்று குறித்துவிடுங்கள். படம் பெருத்தாலும் சிறுத்தாலும் கோடும் சேர்ந்து பெருக்கும், சிறுக்கும். அதன் பக்கத்தில் ஒரு சதுரத்தைக் கடக்க எடுக்கும் நேரத்தையும் வடக்கையும் போடுங்கள். அச்செடுத்த சண்டைப் படத்தை ஒட்டுவதற்கு முன், 10 சதுரத்தைச் சேர்த்து அடிமட்டத்தால் அளவுங்கள். 25.4 சென்ரிமீற்றர் வரவேண்டும். 24 வந்தால் சுருங்கிவிட்டது, மறுபடி அச்செடுங்கள்.